கருநாக்கு மேஸ்திரி

ஆம்பூரில் பரந்தாமன் எங்கே என்று கேட்டால் எந்தப் பரந்தாமன் என்று திருப்பிக் கேட்பார்கள். கருநாக்கு மேஸ்திரி என்றால் போதும், நேரே ஷபீ அஹமது பாயின் பட்டறைக்குக் கை காட்டுவார்கள். காட்டிவிட்டு, "ஆனா அந்தாளு வாயில வுழுந்துடாதீங்க" என்று ஒரு வார்த்தை இலவசமாகவும் சொல்லி அனுப்புவார்கள். அப்படி அவர் யாருக்குச் சாபம் கொடுத்தார், யார் குடியைக் கெடுத்தார் என்று விசாரித்தால் ஒன்றும் கிடையாது. ஓடுகிற மெஷினில் கையை விடாதே என்று சொன்னார். அந்த மனுஷன் செய்த பாவம் அவ்வளவுதான்.

எழுபதுகளில் அந்தப் பட்டறைக்கு வேலை ஓயாது. சுற்றுவட்டாரத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலைச் சீவுகிற, பிளக்கிற, உருட்டுகிற மெஷின் எது படுத்தாலும் லாரி ஏறி அங்கேதான் வந்து சேரும். உள்ளே வரிசையாக இரும்பைக் கடைகிற லேத்துகள். அத்தனையையும் ஓட்டுவது ஒரே மோட்டார். அது கூரைக்கடியில் நீளமாகப் படுத்திருக்கும் இரும்பு ஷாஃப்டைச் சுழற்றும். ஷாஃப்டிலிருந்து லேத்துக்கு ஒன்றாகத் தோல் பெல்ட்டுகள் இறங்கும். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? பெல்ட்டின் இரண்டு முனையையும் இரும்புக் கிளிப்பு போட்டுச் சேர்த்திருப்பார்கள். நாள்பட்டால் அந்தக் கிளிப்பின் பல் தூக்கிக்கொண்டு, பெல்ட்டோடு சுற்றிச் சுற்றி வரும்.

லேத்தின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அந்தப் பெல்ட்டைப் படிப்படியாக அளவு மாறும் சக்கரத்தின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ள வேண்டும். நிறுத்திவிட்டுத் தள்ளு என்பது பரந்தாமன் கட்சி. ஓடும்போதே உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டித் தள்ளுவது பட்டறையின் கட்சி. அதில்தான் அவர்களுக்குப் பெருமை. மாமியார் வீட்டுக்குப் போனால்கூட அதைத்தான் பேசுவார்கள். பரந்தாமன் புளியங்கட்டையில் கவட்டை மாதிரி ஒன்று செதுக்கி, "கைய வெக்காதீங்கடா, இதால தள்ளுங்க" என்று லேத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார். அதைக் கொண்டு லுங்கி காயப் போட்டார்கள், தெருநாயை விரட்டினார்கள், ஒருவன் முதுகு சொறிந்தான். பெல்ட்டை மட்டும் தள்ளவில்லை. தகரத்தை வளைத்து, பெல்ட்டை மறைக்கிற மூடியாகக் கார்டு ஒன்று செய்து மாட்டினார். ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவுகிறோம் என்று கழற்றியவர்கள் திருப்பி மாட்டவில்லை. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் மெஷினுக்கு உண்டு. நாலு போல்ட்டுப் போட்ட ஒரு தகரம் மட்டும் ஆகாது. மேலே இருக்கிற காவல் தெய்வத்துக்குப் படையல் போடுகிறவனுக்குக் கையருகே இருக்கிற காவல் தகடு பாரமாக இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பரந்தாமன் அழவில்லை, கத்தினார். கத்திக் கத்தித்தான் அந்தப் பெயரே வந்தது.

வேதாசலம் என்று ஒரு டர்னர், லேத்து ஓட்டுகிறவன். முழுக்கைச் சட்டையைத் தொளதொளவென்று விட்டுக்கொண்டு வேலை செய்வான். "கைய மடிச்சு வுடுறா, பெல்ட்டு இழுத்துக்கும்டா" என்று பரந்தாமன் நாள் தவறாமல் சொன்னார். செவிடன் காதில் ஊதின சங்குதான். ஒரு நாள் பெல்ட்டு இழுத்தது. சட்டை பழசு, அதனால் கிழிந்து பெல்ட்டோடு போய்விட்டது. முழங்கை எலும்பு மட்டும் முறிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று சந்தோஷப்பட வேண்டியவன், கட்டுப்போட்ட கையோடு டீக்கடையில் உட்கார்ந்து என்ன சொன்னான் தெரியுமா?

"மேஸ்திரி வாய் வெச்சுக்கினே இருந்தாரு. நடந்துடுச்சி."

தினமும் எச்சரிக்கை செய்கிற ஆளுக்கு என்றைக்காவது ஒரு நாள் பலிக்கத்தான் செய்யும். மழை வரும், குடை எடுத்துப் போ என்று சொன்னவன்தான் மழையைக் கொண்டு வந்தான் என்றால் என்ன செய்வது? அடுத்து ஒருவனுக்குக் கண்ணில் இரும்புத் தூள் பட்டது. அவனிடமும் இவர் கண்ணாடி போடச் சொல்லியிருந்தார். அதோடு முடிவாகிவிட்டது, மேஸ்திரிக்குக் கருநாக்கு. நாக்கில் கறுப்பு மச்சம் இருக்கிறவன் சொன்னது பலிக்கும் என்பார்களே, அது. அவர் மனைவி செண்பகம் டார்ச்சு அடித்துப் பார்த்து, வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொன்னாள். அப்படியானால் மச்சம் நாக்குக்கு அடியில் இருக்கும் என்றார்கள்.

"நல்ல வாயால சொல்லுங்க மேஸ்திரி" என்று அதாவுல்லா புத்தி சொன்னான். பட்டறையில் அவருக்குக் கொஞ்சம் தோஸ்த் என்று சொல்லத்தக்கவன் அவன் ஒருவன்தான். "கை போவும், கண்ணு போவும்னா யாருக்குத்தான் பேஜாரா இருக்காது?"

"கை போவாதுன்னு சொன்னா ஓடுற பெல்ட்டுல கைய வெப்பானுங்களே, அதுக்கு இன்னா பண்றது?" என்றார் பரந்தாமன்.

இந்த நேரத்தில்தான் பரந்தாமன் தன் தங்கை அமிர்தவள்ளிக்கு மாப்பிள்ளை பார்த்தார். அப்பா இல்லாத பெண். குடியாத்தத்தில் லுங்கித் தறியோடு இருந்த குடும்பம், தறி நின்றதும் ஆம்பூர் வந்தது. அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தது அண்ணன்தான். கண்ணுக்கெதிரே ஒரு நல்ல டர்னர் இருக்கும்போது ஊரெல்லாம் ஏன் தேட வேண்டும்? கோதண்டராமன் கை சுத்தமானவன், வேலையில் மயிரிழை பிசகாது, குடி கிடையாது. பரந்தாமன் தானே பேசி முடித்தார். மாப்பிள்ளைக்கு அரைச் சவரனில் கல் வைத்த மோதிரம் தானே போட்டார். பார்க்கிறவர்கள் கண்ணில் படட்டும் என்று கொஞ்சம் தூக்கலான கல்லாகத்தான் வாங்கினார்.

தாலி ஏறிய மறுநாளிலிருந்து பட்டறையில் பரந்தாமன் பாதி மேஸ்திரியாகிவிட்டார். முந்தாநாள் வரை "டேய் கோதண்டம், அத எடுறா" என்று சொன்ன வாய் இப்போது "மாப்ளே, அதக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று குழைந்தது. பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையை அதட்ட முடியுமா? அதட்டினால் அடி பட்டறையில் விழாது, வீட்டில் தங்கை தலையில் விழும். கோதண்டராமன் தங்கமான பையன்தான். ஆனால் மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று இருக்கிறதே, அது தங்கமான பையன்களுக்குத்தான் சீக்கிரம் ஏறும்.

மோதிர விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. பெல்ட்டைக் கையால் தட்டுகிறவன் விரலில் மோதிரம் இருந்தால் கிளிப்பின் பல்லில் மாட்டும். மாட்டினால் பெல்ட்டு விரலை விடாது, சக்கரத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். கையால் தட்டாதே என்றால் கேட்கமாட்டார்கள். மோதிரத்தையாவது கழற்றட்டும் என்று பரந்தாமன் இறங்கி வந்தார். நச்சரித்து நச்சரித்து ஒவ்வொருவனாகக் கழற்ற வைத்தார். ஹஜ்ரத் ஓதிக் கொடுத்த பச்சைக்கல் மோதிரத்தை அதாவுல்லாகூடக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். கோதண்டராமன் விரலில் மட்டும் கல் மினுக்கிக்கொண்டே இருந்தது.

"மாப்ளைக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா மேஸ்திரி?" என்று வேதாசலம் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். ஒவ்வொன்றாக மோதிரங்கள் திரும்பி வந்தன.

பரந்தாமன் தங்கையிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் பயந்துவிட்டாள்.

"அண்ணா, நீ போட்ட மோதரத்த நீயே கழட்டச் சொன்னா எங்க மாமியாரு இன்னா நெனப்பாங்க? வாணாம்ணா. என்ன நிம்மதியா வுடு."

அதாவுல்லாவைத் தூது அனுப்பினார். அவன் கோதண்டராமனிடம் விஷயத்தைச் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டான். கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம், கோதண்டராமன் ஓடுகிற பெல்ட்டை ஒய்யாரமாக ஒரு தட்டு தட்டுவதைப் பார்த்ததும் பரந்தாமனுக்கு அடக்க முடியவில்லை.

"மாப்ளே, மோதரத்தக் கழட்டிடுங்க. கிளிப்புல மாட்டுச்சின்னா வெரலு போயிடும்."

பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "தோபா தோபா" என்று அதாவுல்லா கன்னத்தில் போட்டுக்கொண்டான். கோதண்டராமன் முகம் கறுத்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவன் அம்மா தாயாரம்மாள் பரந்தாமன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, நிற்கத்தான் வந்தேன் என்றாள். தெருவே எழுந்து பல் விளக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

"போட்ட மோதரத்த நடுப்பட்டறையில வெச்சித் திருப்பிக் கேக்கறியா தம்பி? கேளு, குடுத்துட்டுப் போறோம். ஆனா வெரலு போவும்னு எம்புள்ளைய எப்பிடி வாய் வெக்கலாம்? உந்தங்கச்சி வயித்துல புள்ளையோட இருக்கா. நெனச்சிப் பாத்தியா?"

"ஐயோ, நான் நல்லதுக்குத்தான் சொன்னேங்க. அந்தக் கிளிப்பு இருக்குதே..."

"கிளிப்பாவது ஒண்ணாவது! இனிமே எம்புள்ளகிட்ட வேலையப் பத்தி ஒரு வார்த்த பேசுன, உந்தங்கச்சி இந்த வாசப்படி மிதிக்க மாட்டா. சொல்லிட்டேன்."

தங்கைக்கு ஐந்தாம் மாசம். வளைகாப்பு வரப்போகிறது. அதற்கு மேல் பரந்தாமன் என்ன பேசுவார்? கையெடுத்துக் கும்பிட்டு, தப்புதான் என்றார். எது தப்பு என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் கோதண்டராமன் லேத்துப் பக்கம் வாயைத் திறக்கவே இல்லை. மோதிரம் மினுக்கும், பார்ப்பார், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த லேத்துக்கு மட்டும் தனியாக ஒரு கார்டு செய்து மாட்டினார். வேகம் மாற்றுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கோதண்டராமன் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அவர் அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒரு காரியம் மட்டும் செய்தார். தினமும் காலையில் எல்லோருக்கும் முந்தி வந்து, சுத்தியலால் அந்த ஒரு பெல்ட்டின் கிளிப்புப் பல்லை மட்டும் தட்டித் தட்டிப் படிய வைத்துவிட்டுப் போவார். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால், மாப்பிள்ளைக்குப் பணிவிடை என்று அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள்.

பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் சரி பண்ணின மெஷினைப் பொருத்த வேண்டியிருந்தது. பாய் அவரை நேரே அங்கேயே போகச் சொல்லிவிட்டார். முதல் பஸ்ஸில் போனார். கிளிப்பு ஞாபகம் வராமல் இல்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தார். சாயங்காலம் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் அதாவுல்லா நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் பரந்தாமன் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கை?"

இடது கை. மோதிர விரல் அடியோடு போய்விட்டது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பரந்தாமன் போனபோது வராந்தாவில் தாயாரம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமிர்தவள்ளி. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸம்மா பொதுவாகச் சொன்னாள், "மோதிரம் மட்டும் இல்லைன்னா வெறும் காயத்தோட போயிருக்கும். மெஷின்ல வேலை செய்யறவங்க ஏம்மா மோதிரம் போடறாங்க?"

தாயாரம்மாள் தலையை நிமிர்த்திப் பரந்தாமனைப் பார்த்தாள்.

"இதத்தாம்மா அவனும் சொன்னான். அவன் சொன்னதாலதான் போச்சு."

அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது பரந்தாமனுக்கு. இதற்கு எந்த ஊரில் மருந்து இருக்கிறது? தங்கையைப் பார்த்தார். அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தார். அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அண்ணன் கண் படக்கூடாதாம். அதுதான் அவரை நொறுக்கிவிட்டது.

வளைகாப்பு அவர் இல்லாமல் நடந்தது. பிறந்த வீட்டுச் சீரைச் செண்பகம் கொண்டு போனாள், வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் போய்ப் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை.

ஆனால் பட்டறையில் ஓர் அதிசயம் நடந்தது. கோதண்டராமன் விரல் போன அந்த வாரமே எல்லா மோதிரமும் காணாமல் போயிற்று. பரந்தாமன் ஒருவன் கையை உற்றுப் பார்த்தால் போதும், அவர் வாயைத் திறப்பதற்குள் கழற்றி மடியில் கட்டிக்கொள்வான். வருஷக்கணக்கில் மூலையில் கிடந்த கார்டுகளெல்லாம் தூசி தட்டி ஏறின. "மேஸ்திரி வர்றாரு, மாட்டுடா, மாட்டுடா" என்று குரல் கேட்கும். புளியங்கட்டைகளைத் தேடிப் பிடித்து எடுத்தார்கள். சட்டைக் கைகள் மடிந்தன. அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் ஒருவனுக்கும் நகக்கண் அளவு காயம் இல்லை. ஷபீ அஹமது பாய், "மாஷா அல்லா, உன் நாக்கு லாபம்தான் மேஸ்திரி" என்று முதுகில் தட்டினார்.

பரந்தாமனுக்கு இதுதான் எல்லாவற்றையும் விட எரிச்சலாக இருந்தது. ஒரு சனிக்கிழமை எல்லோரையும் நிற்க வைத்து, கழற்றிய கிளிப்பு ஒன்றைக் கையில் பிடித்துக் காட்டி, மோதிரம் எப்படி மாட்டும், பெல்ட்டு எப்படி இழுக்கும் என்று நிதானமாக விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே வேதாசலம் கும்பிட்டான்.

"மேஸ்திரி, நீங்க சொல்லவே வாணாம். நீங்க சொல்லாம இருந்தாப் போதும், நாங்க பண்ணிட்றோம்."

மற்றவர்களும் காதைப் பொத்தாத குறைதான். கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே போய் நின்றார்.

குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் காலம் வந்தது. காது குத்துவதென்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த மடிக்கு வேறு ஈடு கிடையாது. முறைக்குப் பெரியம்மாவான கண்ணம்மாள் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து ஒரு வழி கொண்டு வந்தாள்.

"தாயாரம்மா எறங்கி வந்துட்டாப்பா. ஆடித் திருவிழாவுல மாரியம்மனுக்கு நேந்துக்கினு நாக்குல அலகு குத்திக்க. ஊரறிய குத்திக்க. சின்ன வெள்ளி வேலுதான், வலிகூடத் தெரியாது. அத்தோட கருநாக்கு தீந்துடும். ஆவணியில உம்மடியில வெச்சிக் காது குத்திடலாம்."

இல்லாத மச்சத்தை எடுக்க இருக்கிற நாக்கைக் குத்திக்கொள்வதா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் தங்கை முகம் நினைவுக்கு வந்தது. ஒரு ஊசி. எத்தனை இரும்புச் சுருள் இந்தக் கையில் ஏறியிருக்கிறது, இது ஒரு பெரிய விஷயமா? சரி என்று சொல்லிவிட்டார். செண்பகம் அழுதாள், சிரித்தாள், மஞ்சள் வேட்டி வாங்கி வந்தாள். அன்று ராத்திரி பரந்தாமன் ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

சேதி பட்டறைக்கு வந்தது. அவரை விட அவர்களுக்குத்தான் சந்தோஷம். பூமாலை தங்கள் செலவு என்றார்கள். பம்பை மேளத்துக்குச் சொல்லி வைத்தார்கள். இத்தனை பாசமா என்று அவருக்கே கண் கலங்கியது. மறுநாள் ஒருவன் மோதிரத்தோடு லேத்தில் நின்றான். கண்ணால் உற்றுப் பார்த்தார். அவன் கழற்றவில்லை, இளித்தான்.

"இன்னும் கொஞ்ச நாளுதானே மேஸ்திரி. இன்னிக்கு ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அந்தப் பக்கம் வேதாசலம் குந்திக்கொண்டு ஸ்பேனரால் என்னவோ செய்துகொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் கார்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா பண்றே?"

"இப்பவே லூஸ் பண்ணி வெச்சிட்டா, அலகு குத்துன மறுநாளு கழட்டச் சுளுவா இருக்கும் மேஸ்திரி." ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். அதில் தப்பு இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. முறிந்து கூடிய அவன் முழங்கை இன்னும் கோணலாகத்தான் இருந்தது.

பரந்தாமன் நேரே பாயிடம் போனார். மோதிரம் போட்டால் வேலை கிடையாது, கார்டு கழற்றினால் வேலை கிடையாது என்று ஒரு சட்டம் போடச் சொன்னார். பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"சட்டம் போட்டா பக்கத்துப் பட்டறைக்குப் போய்டுவானுங்க மேஸ்திரி. வேல கம்மியாயிடும். பயத்துல ஓடுது, ஓடட்டும். நீ அலகு குத்திக்கினா அப்பறம் அல்லா வுட்ட வழி."

வீட்டுக்கு நடந்து வந்தார். செண்பகம் மடித்து வைத்திருந்த மஞ்சள் வேட்டியைப் பார்த்தார். இந்தப் பக்கம் தங்கையும் மடியில் உட்கார வேண்டிய குழந்தையும். அந்தப் பக்கம் முட்டாள் பயல்களின் விரல்கள். நன்றியுள்ள விரல்களா? இல்லை. புத்தியுள்ள விரல்களா? அதுவும் இல்லை. போய்த் தொலையட்டும் என்று பத்துத் தடவை வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு, பதினோராவது தடவை செண்பகத்திடம், "கண்ணம்மா பெரிம்மாகிட்டச் சொல்லிடு, நான் குத்திக்கலன்னு" என்றார்.

செண்பகம் வேட்டியை எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். தாயாரம்மாள், "பாத்தியா, அவன் கருநாக்கு போறதுக்கு அவனுக்கே இஷ்டமில்ல" என்றாளாம். பட்டறையில் வேதாசலம் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கினான்.

ஆவணியில் அணைக்கட்டுப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பரந்தாமனுக்கு அழைப்பில்லை. அழைப்பில்லாத இடத்துக்குப் போகக்கூடாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பஸ் ஏறிப் போய், கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில், வளையல் கடைக்குப் பின்னால் நின்றார். உள்ளே குடியாத்தத்திலிருந்து வரவழைத்த, அமிர்தவள்ளிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் புது வேட்டி கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீல் என்று கத்தியது. கோதண்டராமன் நாலு விரல் கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

கத்தின குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அமிர்தவள்ளி காற்றாட வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்துவிட்டாள். திரும்பிப் போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் கிட்டே வந்தாள். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. காது சிவந்திருந்தது.

"ஒரு ஊசிண்ணா" என்றாள். "இதோ, இத்துனூண்டு புள்ள ரெண்டு ஊசி தாங்கிடுச்சு. எனக்காக நீ ஒண்ணு தாங்கக் கூடாதா?"

"நான் குத்திக்கிட்டா மறுநாளே அவனுங்க எல்லாம் மோதரம் மாட்டிக்குவானுங்கம்மா. கார்டக் கழட்டிடுவானுங்க."

"மாட்டிக்கட்டுமே! எவனோ எப்பிடியோ போவட்டுமே! அவனுங்க உனக்கு இன்னா ஒறவு?"

பரந்தாமன் அத்தனை மாதம் விழுங்கி வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது.

"ஒறவு இல்லதான். உம்புருஷன் எனக்கு ஒறவு. ஒறவுன்னுதானம்மா வாய மூடிக்கினு இருந்தேன்."

அமிர்தவள்ளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோளில் குழந்தை விம்மி விம்மி அடங்கியது. உள்ளேயிருந்து தாயாரம்மாள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பி நடந்தாள்.

பரந்தாமன் ஆம்பூருக்குப் போய்ச் சேரும்போது பட்டறையில் மத்தியான ஷிஃப்டு ஓடிக்கொண்டிருந்தது. லீவு சொல்லியிருந்தார், இருந்தும் உள்ளே போனார். வாசலில் அவர் தலை தெரிந்ததும் ஒருவன் அவசர அவசரமாக மோதிரத்தைக் கழற்றினான்.